பலாமரத்தடி ஜெரேனியம்

என் வீட்டுக்காரருக்கு என்னைவிட ஜெரேனியம்தான் உசத்தி. இதைச் சொன்னால் சிரிப்பார், மறுக்க மாட்டார்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வத்தல்மலையில் இந்த வீட்டை வாங்கினோம். பின்பக்கம் ஒரு கிழட்டுப் பலாமரம். அந்த நிழலுக்கென்றே ஊட்டியிலிருந்து ஜெரேனியம் செடிகளைக் கொண்டுவந்தார். தொட்டியில் வைக்கிற சிவப்புப் பூ ஜாதி இல்லை. தரையோடு படர்ந்து, நீலமாகப் பூத்து, ஒட்ட நறுக்கினாலும் மறுபடி துளிர்த்து, வருஷக்கணக்கில் இருக்கிற ஜாதி. மரத்துக்கு அந்தப் பக்கம், வீட்டுக்கு எதிர்ப்புறமாகப் பாத்தி வெட்டினார். மண்வெட்டியில் தட்டுப்பட்ட வேரையெல்லாம் கோடாலியால் போட்டார். ஒவ்வொன்றும் தொடைத் தண்டி. வெட்டின இடத்தில் பால் வடிந்தது.

"ஏங்க, மரம் தாங்குமா?" என்றேன்.

"பலாமரம்டி. இடி வுழுந்தாலும் நிக்கும்."

செடி ஜம்மென்று பிடித்துக்கொண்டது. இலைமக்கு உரம் போடுவதும் வாடிய பூவைக் கிள்ளுவதுமாக மனுஷன் அங்கேயே கிடந்தார்.

இந்த ஐப்பசியில் பாத்தி நடுவே சில இலைகள் சிவந்தன. வெயில் சுட்டால்தான் அவை அப்படிச் சிவக்கும் என்று சொன்னதே அவர்தான். நிழலுக்குள் வெயில் எப்படி வந்தது? அண்ணாந்து பார்த்தேன். மரத்தின் உச்சியில் இலையே இல்லை, வானம் தெரிந்தது. அடிமரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. நேரே அவரிடம் போனேன்.

"மரம் சாவுதுங்க. ஆளக் கூப்புட்டு வெட்டிருங்க. வுழுந்தா நேரா உங்க கட்டில் மேலதான்."

"வெட்டிட்டா நெழலுக்கு எங்க போறது? செடி பூரா கருகிரும். சும்மா இரு வாணி."

நான் என் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் வரவில்லை. சன்னலைத் திறந்தால் செடி தெரிய வேண்டுமாம்! காலையில் அவர் எழுந்து வருகிறவரை என் உயிர் என்னிடம் இருக்காது.

மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் மழை நின்று காற்று கிளம்பியது. அவர் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். துணி காயப்போடப் பின்பக்கம் போனவள் பாத்தியைப் பார்த்ததும் நின்றேன். கணுக்கால் உயரம் இருந்த செடிகள் முழங்காலுக்கு எட்டின. பரவாயில்லையே என்று முதல்முறையாக எனக்கே அவற்றின்மேல் ஆசை வந்தது. கிட்டப் போய்க் குனிந்து அடியில் கையை விட்டேன்.

அடியில் மண் இல்லை. கை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. செடி வளரவில்லை, சாய்கிற மரத்தின் வேரோடு தரையே தூக்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க! வெளிய வாங்க! மரம் வருது!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினேன். காற்று என் குரலை வாயிலேயே திருப்பி அடித்தது.

சன்னல் திறந்தது. தூக்கக் கலக்கத்தில் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்த பாத்தியைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, வாணி! எவ்ளோ ஒசந்துருச்சு பாரு!"

திரும்பிப் பார்த்தேன். செடிகள் இன்னும் உயர்ந்துகொண்டிருந்தன.