முள் நசுக்கிய கொக்கி

"பதினாறு, பதினேழு, பதினெட்டு..."

ஆன்மேரி எண்ணிக்கொண்டே கணவர் ஏசுதாஸின் மார்பை அழுத்தினாள். முப்பது வந்ததும் குனிந்து, அவர் வாயில் வாய் வைத்து இரண்டு முறை ஊதினாள். மறுபடி ஒன்றிலிருந்து. ஏரிக்கரைச் சரளைக்கல் முழங்காலில் குத்தியது. பின்னால் எங்கோ 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. அது என்னவென்று புரியச் சற்று நேரமாயிற்று. ஏசுதாஸ் விழும்போது கைவிட்ட தூண்டிலில் மீன் மாட்டியிருந்தது. அது இழுத்துக்கொண்டு ஓட ஓட, கரையில் கிடந்த ரீல் சுற்றிக்கொண்டே இருந்தது.

மேட்டில் நின்ற ஜீப்பிலிருந்து சாப்பாட்டுத் தூக்கை இறக்கிக்கொண்டிருந்த சந்துரு ஓடி வந்தான். ஏசுதாஸோடு தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்பவன். பதினைந்து வருடமாக அவரோடு டிரவுட் மீன் பிடிக்க வருகிறவன்.

"அண்ணனுக்கு என்னக்கா?"

"அந்தச் சத்தத்த மொதல்ல நிறுத்து சந்துரு."

சந்துரு தூண்டில் நரம்பைப் பிடித்து இழுத்துப் பல்லால் கடித்து அறுத்தான். ஏரி அமைதியானது. "பத்தொம்பது, இருவது" என்ற அவள் குரல் மட்டும் கேட்டது.

ஆன்மேரி எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருபத்தோரு வருடமாக நர்ஸ். அவர் கழுத்தில் கை வைத்த அந்த நிமிடமே அவளுடைய விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. விரல்களோடு நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் மீன்பிடிக்க வந்ததே இல்லை. விடியற்காலைக் குளிரில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேவல் இறகில் கட்டிய ஒரு பொய்ப் பூச்சியை வீசி வீசி, கடைசியில் மாட்டிய மீனையும் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருகிற வேலை அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. குளிர் இறங்கி மீன்கள் முட்டையிடும் காலம் வந்துவிட்டால் சீசனை மூடிவிடுவார்கள். இன்று இந்த வருடத்து அனுமதிச் சீட்டின் கடைசி நாள். "கடேசி நாளுக்காவது வாயேன்" என்று ஏசுதாஸ் கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான். இந்தத் தடவை ஏனோ சரி என்றாள்.

ஏரிக் காவலாளியும் சந்துருவுமாக அவரைத் தூக்கி ஜீப்பின் பின்பக்கம் கிடத்தினார்கள். அங்கே போனில் சிக்னல் கிடையாது. மூணாறுக்கு ஒரு மணி நேரம். ஆன்மேரி இருக்கைகளுக்கு நடுவே மண்டியிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுத்தத் தொடங்கினாள். தேயிலைக்கு நடுவே பாதை முழுக்கக் கல். ஜீப் தூக்கிப் போட்டது.

"மெதுவாப் போ சந்துரு. அவருக்கு இடுப்பு வலி இருக்குல்ல."

சந்துரு கண்ணாடியில் அவளைப் பார்த்தான். வேகத்தைக் குறைத்தான். பிறகு ஆஸ்பத்திரி வரும்வரை அப்படியே மெதுவாகத்தான் ஓட்டினான்.

டாக்டர் அவளை அறிந்தவர். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சிஸ்டருக்குத் தெரியுமல்லோ" என்றார். ஆன்மேரி தலையாட்டினாள். டூட்டியில் செய்வதுபோலவே ஏசுதாஸின் கண்களை மூடினாள், தாடையை நேராக்கினாள். ஈரச் சட்டையைக் கழற்றி நான்காக மடித்தாள். அப்போதுதான் பக்கத்தில் நின்ற சின்ன நர்ஸ் அவள் கையைப் பிடித்தாள்.

"சிஸ்டர், வெரல்ல என்ன?"

கட்டைவிரல் சதைக்குள் ஒரு கொக்கி ஏறியிருந்தது. ஏசுதாஸின் சட்டைப் பையில் வரிசையாகக் குத்தி வைத்திருந்த பூச்சிகளில் ஒன்று. மார்பை அழுத்தும்போது ஏறியிருக்க வேண்டும். பழுப்பு இறகு ரத்தத்தில் ஒட்டிக் கிடந்தது.

"டாக்டரக் கூப்புடுறேன். கொக்கி நுனியில பின்பக்கமா நிக்குற முள்ளு உள்ள மாட்டியிருக்கும், கீறித்தான் எடுக்கணும்."

"முள்ளு இருக்காது" என்றாள் ஆன்மேரி. "அவரு இடுக்கியால நசுக்கி வச்சிருவாரு. மீன விடும்போது வாய் கிழியக் கூடாதுன்னு."

பிடித்து இழுத்தாள். கொக்கி எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வலிக்கவில்லை. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒரு டி.டி. ஊசி போட்டுரும்மா" என்றாள் பிறகு.

மகள் ஜின்சிக்குக் கோயம்புத்தூரில் வேலை. வராந்தாவில் நின்று ஆன்மேரி போன் செய்தாள்.

"ஜின்சி, அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. பதட்டப்படாம, தொணைக்கு ஒரு ஆளக் கூட்டிக்கிட்டுப் பொறப்பட்டு வா."

மறுபக்கம் பேருந்தின் ஹாரன் ஒன்று கேட்டு ஓய்ந்தது.

"அம்மா" என்றாள் ஜின்சி. "இது நீ மத்தவங்க வீட்டுக்குச் சொல்றது."

ஆள் போய்விட்ட வீடுகளுக்கு அம்மா சொல்ல, சின்ன வயதிலிருந்து ஜின்சி கேட்டு வளர்ந்த வாக்கியம். ஆன்மேரி போனைக் காதிலேயே வைத்திருந்தாள். யார் முதலில் வைத்தார்கள் என்று பின்னால் இருவருக்குமே நினைவில்லை.

நான்கு மணிக்கு ஜின்சி வந்து சேர்ந்தபோது குவார்ட்டர்ஸ் முற்றம் நிறைந்திருந்தது. முன்னறையில் ஐஸ் பெட்டி. ஃபேக்டரி ஆட்கள் வேலை உடுப்போடு வந்து நின்றார்கள். ஜின்சி பெட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள். பெண்கள் அவளைத் தூக்கிக் கொண்டுவந்து அடுக்களையில் அம்மாவிடம் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். மேடையில் யாரோ ஊற்றி வைத்த, பால் சேர்க்காத கட்டன் சாயா ஆறிப்போயிருந்தது.

"அப்பா கடேசியா என்னம்மா சொன்னாங்க?"

"அடுத்த வருசத்தப் பத்திப் பேசிட்டிருந்தாரு."

"என்னன்னு?"

"ஏப்ரல்ல ஊட்டிப் பக்கம் போகணும்னாரு. அது அவருக்கும் சந்துருவுக்கும். மே மாசம் நாங்க ரெண்டு பேரும் இமாச்சலாம். கோயம்புத்தூர்ல ரயிலு ஏறணும், டெல்லியிலருந்து பஸ்ஸு. ஆத்த ஒட்டி ஒரு வீட்டுல ரூம் பாத்து வச்சிருக்கேன், போன்ல பேசியாச்சுன்னாரு. சன்னலத் தொறந்தா மீனு தெரியுமாம்."

சொல்லும்போது ஆன்மேரியின் குரலில் எந்த மாற்றமும் இல்லை.

"நீ மீனு பிடிக்க வேண்டாம், வெயில்ல உக்காந்திருந்தாப் போதும், வாறியான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எங்கிட்ட நல்ல ஸ்வெட்டர் ஒண்ணு இல்லியேன்னேன்."

"அப்பா?"

"சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே அந்தப் பக்கம் திரும்பித் தூண்டில வீசுனாரு."

முன்னறையில் ஜெபம் சொல்லும் குரல்கள் எழுந்தன. ஜின்சி தலை குனிந்திருந்தாள். அம்மா காலையில் போட்ட சுடிதாரை இன்னும் மாற்றவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. முழங்காலில் சேறு காய்ந்திருந்தது. அதற்குக் கீழே துணி முழுக்க ஏரிக்கரைப் புல்லின் விதைகள் ஒட்டிக் கிடந்தன.

ஜின்சி தரையில் இறங்கி உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்து உள்ளங்கையில் சேர்த்தாள். விதை துணியை விட மறுத்தது. நூல் இழுபடாமல் எடுக்க நேரம் பிடித்தது. ஆன்மேரி மகளின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் காலையும் நீட்டும்மா" என்றாள் ஜின்சி.

ஆன்மேரி நீட்டினாள்.