ஏசுவதற்கும் மூச்சு வேண்டும்

பெரகல சந்திக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் துரைக்குப் பயப்படாதவர்கள்கூட ராசம்மாளின் வாய்க்குப் பயந்தார்கள். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் வாசலில் நின்று அவள் ஏசத் தொடங்கினால், ஓடைக்கு அக்கரையில் கொழுந்தெடுப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஒருவனுடைய ஏழு தலைமுறையையும் ஒரே மூச்சில் இழுத்துப்போட்டு உலுக்கிவிட்டுத்தான் அடுத்த மூச்சை எடுப்பாள்.

அந்த வருஷத்து ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது மூச்சையும் கூட்டிக்கொண்டு போனது. மலைத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து ஒரு குடம் கொண்டுவர மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது.

இதை முதலில் கண்டுகொண்டவர் கங்காணி தங்கராஜா. ஒருநாள் ராசம்மாளின் சட்டிபானைகளை லயத்தின் கோடியிலிருந்த ஒழுகுகிற ஒற்றை அறைக் காம்பராவுக்குத் தூக்கிப்போட்டுவிட்டு, அவளுடைய காம்பராவில் தன் ஆடுகளைக் கட்டினார்.

"அடே எடுபட்ட..." என்று தொடங்கினாள் ராசம்மா. இருமல் வந்தது. மிச்சம் வரவில்லை.

கங்காணி கைகட்டி நின்று காத்திருந்தார். "மெதுவா, ஆத்தா. நாளைக்கு வந்து மிச்சத்தைக் கேட்டுக்கிறேன்."

அன்று அவள் அழுதாள். காம்பரா போனதைவிட, பாதி வசவு தொண்டையிலேயே நின்றதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

தோட்டத்து மருந்துக்காரர் சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். வயிற்றுவலிக்கும் கால்சுளுக்குக்கும் ஒரே சிவப்புத் தண்ணீரைக் கொடுப்பவர். ராசம்மாளின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, அதிசயமாக அதைக்கூடக் கொடுக்கவில்லை.

"முதல்ல சுருட்டை விடுங்கோ, அம்மா. ஒவ்வொரு நாளும் மலையில கொஞ்சம் கொஞ்சம் கூடுதலா ஏறுங்கோ. பப்பாசி இலையின்ர ஓட்டைத் தண்டை வாளித் தண்ணிக்குள்ள விட்டு மெல்ல ஊதுங்கோ."

"மாடு தண்ணி குடிக்கிற சத்தம்ல கேக்கும்?"

"மாட்டுக்கு மூச்சு நல்லாத்தானே இருக்கு!"

மறுநாளே ராசம்மா பக்கத்துக் காம்பரா மீனாம்பாளையும் இழுத்துக்கொண்டு மலையேறினாள். மீனாம்பாளுக்கும் அதே வயது. மூச்சு நன்றாக இருந்தது, முழங்கால்தான் முனகியது. முதல் நாள் பலாமரம் வரைக்கும்தான் முடிந்தது. அங்கே உட்கார்ந்து ராசம்மா சொன்னாள்: "ஒரு மூச்சுக்கு எத்தனை வார்த்தை வருதுன்னு எண்ணிக்க. யாரை ஏசட்டும்?"

மீனாம்பாள் யோசிக்கவே இல்லை. "எம் மாமியாள ஏசு."

செத்து முப்பது வருஷமான அந்த மாமியார் அன்று நாலு வார்த்தையோடு தப்பித்தாள். தை பிறந்தபோது பதினொன்று வாங்கினாள். பங்குனியில் இருவரும் மலை உச்சிப் பாறை வரைக்கும் ஏறினார்கள். ராசம்மா ஒரே மூச்சில் முப்பது வார்த்தை கொடுத்தாள். கேட்டுக் கேட்டு மீனாம்பாளின் முகமே தெளிந்துவிட்டது. சுருட்டு ஆசை வந்த நேரமெல்லாம் ராசம்மா வாளியில் தண்டை விட்டுக் குமிழி விட்டாள்.

சித்திரையில் ஒரு காலை, பெரட்டுக்களத்தில் ஆட்களெல்லாம் வேலைக்கு வரிசையாக நிற்கும்போது, ராசம்மா துரைக்கு முன்னால் வந்து நின்றாள். கங்காணியைப் பார்த்து வாயைத் திறந்தாள். காம்பராவில் தொடங்கி, ஆடுகளைத் தொட்டு, கங்காணியின் மீசை, பாட்டன், பாட்டனின் கடப்பாரை மூக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. எங்கேயும் இருமல் இல்லை.

துரை ஊருக்குப் புதிது; தமிழ் அரைகுறை. "கங்காணி, என்ன சொல்லுது?"

"தொரைய வாழ்த்துதுங்க, தொரைகளே."

"நாய், களவாணி, ஆடு," என்று துரை விரல் மடக்கினார். "இது மூணும் எனக்குத் தெரியும். வாழ்த்து இல்லை. எந்த ஆடு?"

வரிசை மொத்தமும் லயத்துப் பக்கம் கையை நீட்டியது. துரை நேரில் போய்ப் பார்த்தார். ஒரு கிடா அவருடைய தொப்பியை மோந்துவிட்டு விளிம்பைக் கடித்தது. அதற்குமேல் விசாரணை நடக்கவில்லை. மத்தியானத்துக்குள் கங்காணி தன் கையாலேயே புழுக்கை வாரி, காம்பராவுக்குச் சாணம் மெழுகிக் கொடுத்தார்.

"ஒனக்கு என்ன வயசு?" என்று துரை கேட்டாராம்.

"எழுதி வைக்கலைங்க. அப்புத்தளைக்கு ரயில் வந்தப்பவே பாதித் தலை நரைச்சிருச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பெரகல சந்திக்கு நடந்து இறங்கினார்கள். மர்ஸூக்கின் வடைக்கடையில் ஆளுக்கு மூன்று வடை தின்றார்கள். ஆறிப்போன வடையை விற்றதற்காகக் கடைக்காரரை ஏசப்போன ராசம்மாளை நிறுத்தி, "இவரை நான் பாத்துக்கிறேன்," என்றாள் மீனாம்பாள்.