புளி போட்டுத் தேய்ச்ச தாடைங்க

எங்க அத்தை கன்னியம்மாளுக்குப் பித்தளைக் குடமும் ஒண்ணுதான், காட்டுப்பூனை எலும்பும் ஒண்ணுதான். பௌர்ணமிக்குச் சொந்தக்காரங்க வராங்கனு அடி அண்ணாமலை ஊர்ல இருக்கற எங்க வீட்டையே கழுவித் தள்ளினவங்க, மாடியில நான் காயவெச்சிருந்த தாடை எலும்பையெல்லாம் புளி போட்டுத் தேய்ச்சு வெச்சுட்டாங்க. பளபளனு இருக்கு. நான் பென்சில்ல எழுதின நம்பர் ஒண்ணுகூட இல்ல.

எனக்குக் கோவம்னா கோவம். செங்கம் ரோட்டுல வண்டியில அடிபட்டுச் செத்த பூனைங்க அதெல்லாம். வனத்துறைக்கு நடையா நடந்து அனுமதி வாங்கினேன். பூனைக்குப் பூனை மண்டையோட்டு வடிவம் மாறினா, தாடையும் அதுக்கேத்த மாதிரி சேர்ந்து மாறுதானு பார்க்கறதுதான் என் ஆராய்ச்சி. எந்தத் தாடை எந்த மண்டையோடதுனே தெரியலனா நான் உழைச்ச அத்தனை வருஷமும் வீண்.

"அழுக்கா கெடந்துச்சு, கழுவினேன். இன்னாமா தப்பு?"

"ஒண்ணும் இல்லத்தே. என் படிப்புதான் போச்சு."

மண்டையோட்டுல நம்பர் இங்க்ல இருந்ததால தப்பிச்சுது. அதுங்களை வரிசையா வெச்சு, ஒவ்வொரு தாடையா மாட்டிப் பார்த்தேன். சிலது ஆடுச்சு, சிலது பல்லு இடிச்சுது. அதோட சொந்தத் தாடை மட்டும் டிபன் பாக்ஸ் மூடி மாதிரி டக்குனு உக்காந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள எல்லாத்துக்கும் ஜோடி சேர்த்துட்டேன்.

கிரிவலத்துக்கு வந்த என் ஆராய்ச்சி கைடு புகழேந்தி சார் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினாரு. "பொருந்துதுனு நீயே ஜோடி சேர்ப்ப. அப்புறம் ரெண்டும் பொருந்துதுனு நீயே எழுதுவியா? எவன்மா ஒத்துப்பான்?"

அவர் கேட்டது நியாயம்தான்.

காபி கொண்டாந்த அத்தை என் மூஞ்சியைப் பார்த்துட்டு நகரவே இல்ல. "திட்டக்கூடாது. கழுவறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தேன்"னு போனை நீட்டினாங்க. சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருக்காங்க. கீழ, 'எங்க மருமக போட்ட வடாம்'னு கிண்டல் வேற.

சார் படத்தைப் பெருசாக்கி, உடைஞ்ச பல்லு, கீறலை வெச்சு எது எந்தத் தாடைனு கண்டுபிடிச்சு, படத்துல அதுமேல இருந்த நம்பரை மண்டையோட்டு நம்பரோட ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பார்த்தாரு. நான் சேர்த்ததுல ஒரு ஜோடிகூடத் தப்பல.

"நம்பரே இல்லாம சரியா சேர்த்திருக்க. இதைவிடச் சாட்சி வேணுமா? இதையே எழுது"னாரு.

சந்தோஷத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு. அத்தை பயந்துட்டாங்க. "குரூப்புல இருந்து அழிச்சுடட்டுமா?"

"ஐயோ வேணாம்த்தே. அது ஆராய்ச்சிப் புத்தகத்துல வரும். படம் எடுத்தவங்கனு உங்க பேரும் வரும்."

அத்தை டம்ளரை எடுத்துக்கிட்டு வாசப்படி வரைக்கும் போயி நின்னாங்க.

"இனிஷியல் எங்கப்பாவோடதே போடும்மா"னாங்க.