கலெக்டர் நின்ற சந்து

சும்மா நிற்பதற்கு ஐந்நூறு ரூபாய். நடப்பதற்குத் தனி.

சிவகாசியில் அப்படிச் சம்பளம் வாங்கிய ஒரே ஜீவன் அய்யாதுரையின் வெள்ளைக் குதிரைதான். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு யார் வாடகை பேச வந்தாலும், “ஓடுற குதிரை ஊர்ல நூறு கெடக்கு, போய்ப் பாருங்க. நிக்கிற குதிரைக்கு வெலையே கெடையாது. ஒங்களுக்காக ஐநூறு” என்பார். அந்த விலைமதிப்பில்லாத நிற்றல்தான் இப்போது அவருடைய சாவை நடுச்சந்தில் மறித்துக்கொண்டிருந்தது.

அவருடைய ஒரே மகன் முனியராஜ், நீர்மாலைக்குக் குளித்து வந்த ஈரவேட்டியோடு, கொள்ளிச்சட்டியை உறியில் தொங்கவிட்டுப் பிடித்தபடி நின்றான். அவனுக்கு முன்னால் குதிரையின் வால். இரண்டு பக்கமும் சாக்கடை. எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒன்று இறங்கி வழிவிடவேண்டிய சந்து. பின்னால் பாடையில் அப்பா. நேற்றுக் காலையில் புல்லுக்கட்டை இறக்கிவைத்தவர், நெஞ்சைத் தடவிக்கொண்டு தொழுவத்திலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

குதிரையை முன்னால் விட்டது தாய்மாமன் சண்முகவேலின் யோசனை. “குதிரைக்காரன் சாவு குதிரை இல்லாமப் போனா நாளைக்கு ஊரு என்னலே பேசும்?” என்று அவரே மாலை போட்டு இழுத்து வந்தார். பட்டாசு முதலாளி லட்சுமிகாந்தம், தன் மூன்று மகன்களையும் இந்தக் குதிரைமேல் ஏற்றி மாப்பிள்ளை ஆக்கியவர், பத்தாயிரம் வாலாச் சரம் ஐந்து பெட்டி அனுப்பியிருந்தார். சந்து முனையில் முதல் சரத்தைக் கொளுத்தினார்கள். வேறு ஊர்க் குதிரையாக இருந்தால் மிரண்டு சாத்தூர் போய்த்தான் திரும்பிப் பார்த்திருக்கும். இது நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. சரம் முடிந்தது. புகை கலைந்தது. குதிரை அசையவில்லை.

“ஏ கலெக்டரு, நடப்பா” என்று சண்முகவேல் கடிவாளத்தை இழுத்தார். எல்லாரையும் காக்க வைப்பதால் அய்யாதுரை வைத்த பெயர் அது. தட்டினார்கள், தள்ளினார்கள். சுவரைத் தள்ளினமாதிரி இருந்தது.

“வாயில்லாச் சீவன். மொதலாளிய அனுப்ப அதுக்கு மனசில்ல, பாத்தீகளா?” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அதன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த முனியராஜின் அம்மா குருவம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். “எய்யா, ஒனக்கு இருக்கிற பாசம் மனுசருக்கு இல்லையே!”

அது யாருக்குச் சொன்னது என்று முனியராஜுக்கு விளங்கவில்லை. நேற்றிலிருந்து அவன் அழவில்லை.

அவனுக்குத் தெரியும், இது பாசம் இல்லை, படிப்பு. சிவகாசியில் மாப்பிள்ளை ஏறுகிற நேரத்தில்தான் சரம் வெடிக்கும். அதனால் அப்பா முதலில் அஞ்சு வெடி போட்டார். நின்றால் ஒரு துண்டு கருப்பட்டி. பிறகு ஐம்பது, பிறகு ஆயிரம். மேலே அரிசி மூட்டை, அப்புறம் ஆள். மூன்று வருஷத்தில் குதிரைக்கு ஏறியது இரண்டே பாடம். வெடித்தால் நில். ஏறினால் நட. வெடித்து, ஆள் ஏறாமலே போனால் என்ன செய்வது என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

எல்லாம் தெரிந்தும், அதன் கண்ணுக்குக் கீழே ஒரு ஈரக்கோடு இறங்குவதைப் பார்த்தபோது அவனுக்குக் குழம்பியது. கந்தகப் புகைக்கு யார் கண்ணும் கலங்கும். அவன் கண்ணிலும் எரிச்சல் இருந்தது.

“வெடிதான் நின்னுபோச்சுல்ல, இன்னும் எந்த எழவுக்கு நிக்குது இது?” என்றார் சண்முகவேல்.

“இந்த எழவுக்குத்தான்” என்றான் பாடை தூக்கியவர்களில் ஒருவன். “சட்டுனு முடிவு பண்ணுங்கப்பா. அண்ணன் உசுரோட இருந்தப்ப இம்புட்டுக் கனமில்ல.”

சட்டியில் வறட்டி சாம்பலாகிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு கண் அளவுக்குத்தான் நெருப்பு. அது அணைந்து, வீட்டுக்குத் திரும்பிப்போய் மறுபடி தீ எடுத்த குடும்பம் அப்புறம் விளங்காது என்பார்கள். சட்டி மகன் கையில், பழியும் மகனுக்குத்தான்.

“யாராச்சும் மேல ஏறணும் மாமா. ஏறுனாத்தான் நடக்கும்.”

“அப்ப நீ ஏறு.”

“நானா?”

“பின்ன? பொணத்துக்கு முன்னால மாப்பிள கணக்கா ஏற வேற எவன் வருவான்?”

“சட்டிய யாரு பிடிக்க?”

“அத மாத்தப்பிடாதுலே. பிடிச்சுக்கிட்டே ஏறு.”

முனியராஜுக்கு முப்பத்திரண்டு வயது. காலண்டர் கம்பெனியில் பைண்டிங். பெண் பார்த்த மூன்று வீட்டிலும், லாய வாடை ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். குதிரையில் ஏறிப் பார்க்கிறேன் என்று கேட்டபோதெல்லாம் அப்பா விட்டதில்லை. “வாடகைக்காரன் ஏறட்டும். நீ மாப்பிளயா ஏறுலே. ஒனக்கு ஓசி.”

சண்முகவேல் குனிந்து தொடையைக் கொடுத்தார். ஈரவேட்டி காலில் சுற்றியது. உறி ஆடியது. ஒரு கையால் பிடரியைப் பற்றி அவன் ஏறுகிறவரை குதிரை ஒரு மயிர் சிலிர்க்கவில்லை, மூச்சைக்கூடப் பிடித்துவைத்திருந்தது. அவன் கனம் அமர்ந்ததும் அதை விட்டது. பிறகு நடந்தது, ஊர்வல நடை, ஒரு எட்டுக்கும் அடுத்த எட்டுக்கும் நடுவில் ஊர் பார்த்துக்கொள்ள இடம் விட்டு.

“மாமா, இனி ஒரு வெடிகூடப் போடாதீக” என்று மேலேயிருந்து கத்தினான்.

கொட்டுக்காரர்களுக்கு எந்த அடி அடிப்பதென்று தெரியவில்லை. நிறுத்திவிட்டார்கள். சிவகாசியில் ஒரு பிணம் சத்தமில்லாமல் போனது. கொட்டு இல்லாத குதிரையைப் பார்க்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்த ஒருத்தி, பின்னால் வந்ததைக் கண்டு உள்ளே போனாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று முனியராஜுக்குப் பிடிபடவில்லை. மாப்பிள்ளை முகம் அவனுக்குப் பழக்கமில்லை. அழுகிற முகமும் வந்து சேரவில்லை. நெருப்பைப் பார்த்தபடியே போனான்.

சுடுகாட்டில் இரண்டு பேர் தோள் கொடுத்து இறக்கினார்கள். சட்டியில் நெருப்பு இருந்தது. குதிரையைப் பிடிக்க யாருமில்லை. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போய்ப் புல் மேய்ந்தது.

“அதுக்குள்ள திங்கப் போயிருச்சே!” என்றார் ஒருவர், ஏமாந்தவர்போல.

அதன் முதுகில், அவன் உட்கார்ந்த இடத்தில், ஈரவேட்டியின் தடம் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது.

தோளில் தண்ணீர்க் குடத்தை ஏற்றி அவனைச் சுற்றவிட்டார்கள். சாவுச் சடங்கு செய்யும் குடிமகன் காளிராஜ் பின்னாலேயே வந்து சுற்றுக்கு ஒரு துளை போட்டார். ஒன்று. தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது. இரண்டு. மூன்று.

“போதும் தம்பி. மூணு ஆயிருச்சு. நில்லு.”

முனியராஜுக்குக் கேட்டது. சண்முகவேல் கை காட்டியதும் தெரிந்தது.

“ஏலே, நில்லுலே!”

குடத்தில் மூன்று துளை. மூன்றிலும் தண்ணீர் வற்றிவிட்டது. குடம் இன்னும் தோளில் ஏறித்தான் இருந்தது. அவன் நான்காவது சுற்றில் இருந்தான்.