கம்பனிகளுக்கு மாமா இல்லை

சகலமான பொதுமக்களும் கவனிக்க: திருகோணமலை உள்துறைமுக வீதியில், மேல்மாடி அறையொன்றில், மனிதகுலம் பெருங்கம்பனிகளின் பிடியிலிருந்து விடுதலை அடைந்துவிட்டது. விடுதலை அடைந்தோர் தொகை அறுபத்தொன்று. அதில் ஒன்பது கணக்குகள் இராகுலன் தானே சோதித்துப் பார்க்கத் திறந்தவை.

இராகுலன் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி மென்பொருள் எழுதுகிறவன். சோறு அதில், பெருமை வேறொன்றில். மேசைக்குக் கீழே உறுமிக்கொண்டிருந்த பழைய கணினியில் ‘கரை’ என்றொரு சமூக வலைத்தளத்தை நடத்தினான். “கணினி எண்டால் உன்ர வீட்டில, உன்ர கைக்கெட்டிற தூரத்தில இருக்கவேணும். மற்றதெல்லாம் வாடகைக்கு இருக்கிறது” என்று கலியாணப் பந்தியிலும் சொல்லுவான். பக்கத்து இலைக்காரர் பாயசத்தை அவசரமாய்க் குடித்துவிட்டு எழும்புவார்.

அவனை உண்மையிலேயே நம்பிய ஒரே ஆள் கீர்த்தனி. நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை. தகப்பன் அதே கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர். வலை இழுக்கிற இடத்தில் அந்த ஹோட்டலே கொங்கிறீட் தூண்களை நட்டபோது, அவள் படமெடுத்து ‘நண்டு’ என்ற பேரில் இராகுலனின் தளத்தில் போட்டாள்.

“அண்ணா, என்ர பேர் வெளியில போகாதுதானே? அப்பாவுக்கு இப்ப தொழிலும் இல்லை. வீட்டில என்ர சம்பளம் மட்டுந்தான்.”

“இது என்ர மெஷின், கீர்த்தனி. என்னைத் தாண்டி ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது.”

படம் நாலு நாளில் ஊரெல்லாம் சுற்றியது. சனிக்கிழமை காலமை யோகலிங்கம் மாமா வந்தார். இராகுலனின் தாய் தங்கரத்தினத்தின் தம்பி. அந்த ஹோட்டலின் மனேச்சர். படம் முகநூலில் வந்திருந்தால் அவர் எந்த நாட்டுக்கு, யாருக்குக் கடிதம் எழுதுவார்? பெருங்கம்பனிகளுக்கு மாமா இல்லை. இராகுலனுக்கு இருந்தார். கதிரையைக் கணினிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அக்கா தங்கரத்தினம் தந்த பால்விடாத பிளேன்ரீயையும் வாங்கிக்கொண்டார்.

“மருமோன், ஆர் அந்த நண்டு?”

“சொல்லேலாது மாமா. கொள்கை.”

“கொள்கையோ?”

“அங்கத்தவரின்ர தகவல் அங்கத்தவருக்குத்தான் சொந்தம்.”

கால்மணித்தியாலம் விளக்கினான். குரல்கூட நடுங்கவில்லை. மாமாவை எதிர்த்துக் கதைத்தது பிறந்ததற்கு இதுதான் முதல்தரம். அது அவனுக்கு நல்லாய்ப் பிடித்திருந்தது.

மாமா ரீயை ஊதினார். “விடு. உனக்கே தெரியாதாக்கும். ஆரோ செய்துதந்ததை வச்சுக்கொண்டு பெரிய கதை கதைக்கிறாய்.”

“எனக்கோ தெரியாது?”

காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவனுக்குக் கடுகளவும் இல்லை. ஒவ்வொரு வரியும் தான் எழுதியதுதான் என்று நிறுவ வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நிர்வாகிப் பக்கத்தைத் திறந்தான்.

“பாருங்கோ, இதெல்லாம் ஆக்களின்ர கடவுச்சொல். குழப்பின எழுத்து. என்னாலயே வாசிக்கேலாது.”

மாமா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, திரையை ஆறுதலாய்ப் பார்த்தார்.

“ஓமடா. நல்ல பாதுகாப்புத்தான். அக்கா, நான் வாறன்.”

மோட்டார்சைக்கிள் சத்தம் தெருமுனையைத் தாண்டின பிறகுதான் இராகுலன் திரையைத் திரும்பப் பார்த்தான். ‘நண்டு’ என்ற பேர். அதற்கு நேரே கடவுச்சொல், எந்த மனிதராலும் வாசிக்க முடியாதது. அதற்குப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி: கீர்த்தனியின் முழுப்பேர், தகப்பன் பேரோடு.

அவளுக்குப் போன் எடுத்தான்.

“அண்ணா, வேலையில நிக்கிறன். ஆக்கள் வந்திருக்கினம், பிறகு கதைக்கிறன்.”

மறுபடி எடுத்தான். போன் நிற்பாட்டியிருந்தது. நிலாவெளிக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம். போய் என்னவென்று சொல்வது? செருப்பைப் போட்டான், கழற்றினான். கடைசியில் தெரிந்த வேலையைச் செய்தான்: அங்கத்தவர்களுக்கு ஓர் அறிவித்தல் எழுதினான். ‘நிர்வாகிப் பக்கத்தில் சிறு குறைபாடொன்று அவதானிக்கப்பட்டு, மின்னஞ்சல் முகவரிகள் உடனடியாக மறைக்கப்பட்டுள்ளன. தனியுரிமையே எமது மூச்சு.’ ‘மூச்சு’ கொஞ்சம் கூடிப்போச்சோ என்று யோசித்து, ‘உயிர்’ என்று மாற்றினான். பதினேழு பேர் விருப்பம் தெரிவித்தார்கள்.

பின்னேரம் நாலு மணிக்குக் கீர்த்தனியை வேலையை விட்டு நிற்பாட்டினார்கள்.