லூர்துக்கு ஒரு மணி நேரம்

பாக்கியராஜ் பிரான்சுக்குப் போகிறார் என்பது விழுப்புரத்தில் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் அந்த மாதம் ஊரில் இல்லாதவராக இருக்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறையில் உதவிக் கோட்டப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதா கோயில் பங்குப் பேரவையில் துணைத் தலைவர். "டூர் கம்பெனிக்காரன் பஸ்ஸுல ஏத்தி எறக்கறதுக்கு நாம என்ன ஆட்டுக்குட்டியா? கார் வாடகைக்கு எடுத்து நாமளே ஓட்டிக்கினு போறோம்" என்று பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

'நாமளே' என்பது அவருடைய மனைவி லூர்து மேரியைக் குறிக்கும். பாக்கியராஜ் தன் பணிக்காலம் முழுவதும் அரசாங்க ஜீப்பின் இடதுபக்க முன்சீட்டிலிருந்து சாலைகளை அறிந்தவர். லைசென்ஸ் உண்டு. அதை வாங்கிய அன்றோடு ஓட்டுவதும் முடிந்தது. லூர்து மேரி தலைமையாசிரியையாக இருந்தபோது தினமும் தானே காரோட்டித் திண்டிவனம் போய்த் திரும்பியவர்.

இந்தப் பயணத்தில் அவருக்கு வேண்டியது ஒன்றுதான். தன் பேருக்கு மூலமான அந்த லூர்து நகரத்தில் இரவில் நடக்கும் மெழுகுவர்த்திப் பவனியில் ஒரு சாதாரண ஆளாக நடக்க வேண்டும். உள்ளூர் மாதா திருவிழாப் பவனியில் அவர் நடந்து முடித்ததே இல்லை. பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தி கொடுப்பார், அணைந்ததை ஏற்றுவார், முன்னால் போகிறவளின் சடையில் நெருப்புப் படாமல் பார்த்துக்கொள்வார். பாதி வழியில் யாராவது ஓடிவந்து, சாப்பாட்டுப் பந்தலில் சாம்பார் பற்றவில்லை என்பார்கள்.

முதலில் போட்ட திட்டம் ஒழுங்காகத்தான் இருந்தது. பாரிஸில் இறங்குவது, வழியில் ஓர் ஊரில் தங்குவது, லூர்தில் மூன்று ராத்திரி. அப்புறம் பார்சல்கள் வர ஆரம்பித்தன.

நம் பக்கத்தில் ஒருவர் பிரான்சுக்குப் போவது அவருடைய சொந்த விஷயம் அல்ல. புதுச்சேரி கூப்பிடு தூரத்தில் இருப்பதால் தெருவுக்கு ஒரு வீட்டுப் பிள்ளையாவது அங்கே இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஊறுகாயும் கருவாடும் போய்ச் சேர வேண்டும். முடியாது என்று சொல்ல ஒரு துணைத் தலைவரால் முடியாது. பார்சல் ஒன்றை ஏற்றுக்கொள்ளும்போதெல்லாம் வரைபடத்தில் ஒரு ஊர் கூடியது. நீஸ் கூடியது, போர்தோ கூடியது. கூடிய ஊருக்கெல்லாம் ராத்திரிகளை லூர்திலிருந்து எடுத்துக்கொண்டார். மூன்று ராத்திரி ஒன்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திண்டிவனத்தில் அவருடைய தங்கை அடைக்கலமேரி வீட்டில் விருந்து. மீன் குழம்பு முடிந்ததும் பாக்கியராஜ் தன் போனைச் சுவர் டிவியோடு இணைத்தார். பிரான்சு தேசம் மொத்தமும் திரையில் ஒரு முறத்தளவு வந்தது.

"அவ்ளோதான் நாடு" என்றார். "ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும். நூத்திமுப்பதுல போவலாம்."

"ண்ணா, நம்ம ஜெனித்து இருக்கற ஊரு இதுல எங்க?" என்று கேட்டாள் அடைக்கலமேரி. ஆரோக்கிய ஜெனித் அவளுடைய மகன். அவள் கேட்கும்போதே கையில் மரக்காணத்துக் கருவாட்டுப் பொட்டலம் இருந்தது. மூன்று பிளாஸ்டிக் பைகளைத் தாண்டியும் அது தன் வருகையை அறிவித்தது.

"ஸ்ட்ராஸ்பூர். தோ, கெழக்கால. பாரிஸுலருந்து ஒரு திருப்பம்தான்."

அந்தத் திருப்பம் ஐந்நூறு கிலோமீட்டர்.

பக்கத்து வீட்டு ஆதிநாராயணன் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பையோடு வந்து உட்கார்ந்தார். "நம்ம பொண்ணு சூர்யகலா லியோன்ல கீறா சார். வழியில வருதுங்களா?"

"வழியே அதான்யா" என்றார் பாக்கியராஜ். திரையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். கோடு நாடு முழுக்கச் சுற்றி, பிள்ளை கிறுக்கிய கோலம் போல ஆகி, ஒருவழியாகத் தென்மேற்கு மூலையில் லூர்தைத் தொட்டு, அங்கிருந்து போர்தோவுக்கு ஏறியது.

லூர்து மேரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"ஏங்க, லூர்துல நாம எப்ப கீறோம்?"

"ரெண்டுலருந்து மூணு."

"தேதியா?"

"மணி. மத்தியானம். ஒரு மணி நேரம் தாராளம். மாதா காட்சி குடுத்த கெபிய பாத்துட்டு, தண்ணி புடிச்சிக்கினு கெளம்பிட்டா போர்தோவுக்கு நைட்டு சாப்பாட்டுக்குப் போயிடலாம்."

"பவனி ராத்திரியிலங்க."

"அது யூட்யூப்ல லைவ்வே வருது மேரி. ரூம்ல படுத்துக்கினே பாக்கலாம். கூட்டத்துல பேஜாரு இல்ல."

யாரோ சிரித்தார்கள். லூர்து மேரி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. வகுப்பில் தப்பு விடை சொன்ன பையனைப் பார்க்கிற மாதிரி திரையைப் பார்த்தார்.

"சரி, இவ்ளோத்தையும் யாரு ஓட்டறது?"

"மாத்தி மாத்தி ஓட்டிக்கலாம்."

"அப்ப இப்ப விழுப்புரம் வரைக்கும் நீங்க ஓட்டுங்க" என்று கார் சாவியை நீட்டினார்.

பாக்கியராஜ் சாவியைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "சாப்ட ஒடனே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு" என்றார்.

"ண்ணா, எந்த டாக்டரு?" என்றாள் தங்கை. அண்ணனுக்குத் தங்கையைவிடப் பெரிய எதிரி கிடையாது.

லூர்து மேரி சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அப்ப நான்தான் ஓட்டறேன். ஓட்டறவ சொல்றேன். பாரிஸுலருந்து லூர்துக்குப் போறேன், வழியில ஒரு ராத்திரி படுக்கறேன். லூர்துல மூணு ராத்திரி. பார்சல எல்லாம் குடுங்க, ஒண்ணும் வேணான்னு சொல்லல. புள்ளைங்கள லூர்துக்கு வந்து வாங்கிக்கினு போவச் சொல்லுங்க. மாதாவயும் பாத்த மாதிரி ஆச்சு."

நியாயமான யோசனை. அதனால் யாருக்கும் பிடிக்கவில்லை.

"அய்யோ அண்ணி, அவ்ளோ தூரம் ஜெனித்து எப்டி வருவான்? ஒரு நாளு பூரா ஓட்டணும். மறுநாளு டூட்டிக்குப் போவ வேணாமா?" என்றாள் அடைக்கலமேரி.

"சூர்யகலா கைக்கொழந்தக்காரி டீச்சர்" என்றார் ஆதிநாராயணன். "லியோன்லருந்து ஏழு மணி நேரமாவும். கொழந்த தாங்காது."

"ஏழு மணி நேரமா?" என்றார் லூர்து மேரி. "வழியேதான்னாரே."

ஆதிநாராயணன் மல்லாட்டைப் பையின் வாயைக் கட்ட ஆரம்பித்தார். பெற்றவர்கள் இருவருக்கும் தூரம் எவ்வளவு என்று முதலிலிருந்தே தெரிந்திருந்தது. தெரியாத ஒரே ஆள் நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்தவர்.

அடைக்கலமேரி கருவாட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "கூரியர்ல உடலாம்னு சொல்றாங்க, விசாரிக்கறேன்" என்ற குரல் மட்டும் வெளியே வந்தது. நீஸுக்கும் போர்தோவுக்கும் பார்சல் கொடுத்தவர்களிடம் அன்று மாலையே போனில் இதே யோசனை சொல்லப்பட்டது. அவர்களும் தத்தம் பிள்ளைகளின் சிரமத்தை விளக்கிப் பொட்டலங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் பாக்கியராஜ் பேசிக்கொண்டிருந்தார்.

"நல்லா ஸ்டடி பண்ணிப் பாத்தேன் ஃபாதர். யாத்திரைன்னா ஒரே எடத்துல தங்கி ஜெபிக்கணும். ஊரு ஊரா அலையறது டூரிஸ்டுங்க வேல. மத்ததெல்லாம் வேணான்னு நான்தான் அடிச்சிட்டேன்."

"நல்ல முடிவு" என்றார் சாமியார். "டீச்சருக்குச் சம்மதமா?"

லூர்து மேரி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "அவரு முடிவெடுத்தா எனக்கென்ன ஃபாதர். மூணு ராத்திரியும் பவனி கீதாம். மூணுலயும் கடைசி வரைக்கும் நடப்பேன்."