இரண்டாவது கன்று

குன்வோர் இருபத்தாறு வருஷமாக அந்த ஊர் வேட்டைக் குழுவின் தலைவி. காட்டில் அவள் வாய் திறந்தால் மறுபேச்சு கிடையாது. ஆண்கள் ஏழு பேர் இருக்கும் குழுவில் அந்த மரியாதையை வாங்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதனாலேயே தன் வார்த்தை மீது அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே நம்பிக்கை.

அன்று அவளுடன் பரணில் இருந்தது மகள் சிக்ரித். தெற்கே கோத்தன்பர்க் நகரத்தில் நாலு வருஷம் படிப்பு, வேலை என்று இருந்துவிட்டு, இந்த வருஷம்தான் வேட்டை உரிமம் எடுத்துக்கொண்டு அக்டோபர் லீவில் வந்திருந்தாள். இந்த நாலு வருஷமும் குன்வோர் அவளை வா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே வர வேண்டும் என்று ஒரு வீம்பு. வந்தவள் மறுபடியும் வர வேண்டுமே என்பதுதான் இப்போது அவள் மனசு முழுக்க இருந்தது.

எட்டு மணி வாக்கில் சதுப்பின் எதிர்க்கரையில் ஒரு பெண் எல்க், குதிரை உயரக் காட்டுமான், வந்து நின்றது. வயசான, கனத்த உடம்பு.

"தனியாவா நிக்குது?" சிக்ரித் கிசுகிசுத்தாள்.

"தனியாத்தான். நேத்து நம்ம குழுவுல ஹில்டிங் சுட்டான் பாரு ஒரு கன்னு, அதோட தாய் இது."

"கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமாம்மா?"

"என்னத்தப் பாக்கப் போற? காத்து திரும்புது, மோப்பம் பிடிச்சா போயிடும். சுடு."

சிக்ரித் சுட்டாள். குறி தவறவில்லை. எல்க் பத்தடி நடந்து, முன்னங்காலை மடித்துச் சாய்ந்தது.

கன்றோடு இருக்கும் தாயை அங்கே யாரும் சுட மாட்டார்கள். முதலில் கன்று, பிறகுதான் தாய். வெளியூர்க்காரர்களுக்கு இது கொடூரமாகப் படும். ஆனால் தாயில்லாத கன்று ஆளுயரப் பனியில் என்ன பாடுபடும் என்று பார்த்தவர்களுக்கு அப்படிப் படாது. இந்த வழக்கத்தை மீறினவர் பேர் எளிதில் அழியாது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் மீறினார். இன்றைக்கும் கடையில் அவர் பால் வாங்கிப் போனால், "கன்னுக்காரர் போறார்" என்பார்கள்.

துப்பாக்கிச் சத்தம் அடங்கி ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பிர்ச் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கன்று வெளியே வந்தது. நேராகத் தாயிடம் போய், மூக்கால் அதன் கழுத்தை முட்டியது. எழுந்திரு என்பது போல மறுபடி முட்டியது.

குன்வோருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆகஸ்டில் ஆற்றோரம் பழம் பொறுக்கப் போனபோது இந்தத் தாயை அவள் பார்த்திருக்கிறாள். அப்போது அதனுடன் இரண்டு கன்றுகள். செப்டம்பரில் ஒன்றுதான் கண்ணில் பட்டது. மற்றதைக் கரடி தின்றிருக்கும் என்று அவளே தீர்ப்பெழுதி, அவளே முத்திரையும் குத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அவள் வாயெடுப்பதற்குள் சிக்ரித் குழுவோடு பேசும் ரேடியோவை அழுத்திவிட்டாள். "தாய் விழுந்துடுச்சு. அதுக்கு ஒரு கன்னு இருக்கு, இப்பத்தான் வெளிய வந்துச்சு. நான் பொறுத்திருக்கணும். தப்பு என்னோடது."

அவரவர் இடத்திலிருந்து ஏழு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஹில்டிங், "சரி, கன்ன அப்படியே தவிக்க விட்டுடாதீங்க" என்றான்.

அந்த நேரத்தில் குன்வோர் பேசியிருக்கலாம். பேசவில்லை. சுடச் சொன்னது நான்தான் என்று நாலு வார்த்தை சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. கன்றையாவது நாமே முடிப்போம் என்று துப்பாக்கியைத் தூக்கினாள். குழாயின் நுனி நிலைகொள்ளாமல் ஆடியது. 

"வைம்மா. அடிபட்டு ஓடிடும்" என்று சொல்லி சிக்ரித்தே சுட்டாள். கன்று தாயின் மேலேயே விழுந்தது. சிக்ரித் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு, கையுறையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். குன்வோர் அவள் முதுகில் கை வைக்கப் போய், அதற்கும் தனக்கு யோக்கியதை இல்லை என்று கையை இழுத்துக்கொண்டாள்.

மத்தியானம் தோலுரிக்கும் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். சுட்டவர் எழுந்து நடந்ததைச் சொல்ல வேண்டும், அது அங்கே முறை. சிக்ரித் காபிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள்.

"உக்காருடி" என்றாள் குன்வோர். "இவ பொறுக்கலாம்னு கேட்டா. நான்தான் சுடச் சொன்னேன். ஆகஸ்ட்ல ரெண்டு கன்னு இருந்தத என் கண்ணால பாத்திருக்கேன். காலையில ரேடியோல இவ தன் தலையில போட்டுக்கிட்டப்ப வாய மூடிக்கிட்டு இருந்தேன். அது இதவிடக் கேவலம்."

ஹில்டிங் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "நாளைக்கு யார எங்க நிறுத்தணும்னு யாரு சொல்றது?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நீ சொல்லு. தலைவி நான் இல்ல."

யாரும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அதுதான் நியாயம் என்று அவளுக்கும் பட்டது. எல்லோரும் எழுந்து வேலையைப் பார்த்தார்கள். கன்றைத் தொங்கவிட இரண்டு பேர் போதுமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியை சிக்ரித் ஓட்டினாள். மரம் வெட்டின காடெல்லாம் தாண்டி வெகுதூரம் வந்தார்கள்.

"நீ எதுக்குடி உன் மேல போட்டுக்கிட்ட?" என்று குன்வோர் ஆரம்பித்தாள்.

"உன்னக் காப்பாத்தன்னு நெனச்சியா? இல்லம்மா." சிக்ரித் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "காலையில பரணுக்கு ஏர்றதுக்கு முன்னாடி சேத்துல தடம் பாத்தேன். சின்னக் குளம்பு, ஈரங்கூடக் காயல. கன்னுன்னு எனக்குத் தெரிஞ்சுது. நீ தனியாத்தான்னு சொன்ன உடனே, நான் பாத்தது தப்பா இருக்கும்னு விட்டுட்டேன்."

 பெண் தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று குன்வோர் எத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருப்பாள். சிக்ரித் கேட்டிருக்கிறாள், தன் கண்ணையே நம்பாத அளவுக்குக் கேட்டிருக்கிறாள்.

"அடுத்த வருஷம்" என்றாள் சிக்ரித், "நீ சுடுன்னாலும் நான் பொறுத்துத்தான் சுடுவேன்."

அடுத்த வருஷம் என்று அவள் வாயால் கேட்கத்தான் குன்வோர் நாலு வருஷம் ஏங்கினாள். இப்படிக் கேட்போம் என்று எதிர்பார்க்கவில்லை. அவமானமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

"பொறு" என்றாள். "நான் கத்தினாலும் பொறு."